இவருக்குப் பதில் இவர்: மலையாளச் சிரிப்புத் தொடர்களில் ஆளும் பேனாவும் மாறும்போது

'போக்குவரவு' என்ற சொல்லை என் அத்தை முதன்முதலில் கேட்டது டிவியில். நமக்கு அது பஸ்ஸும் லாரியும். கேரள வில்லேஜ் ஆபீசில் அது பட்டா மாறுதல். மாமா போன பிறகு அரை ஏக்கர் தென்னந்தோப்பைத் தன் பெயருக்கு மாற்றப் போயிருந்தார் அத்தை. "போக்குவரவு செய்தோ?" என்று கேட்டிருக்கிறார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். "பஸ்சுலதான் வந்தேனுங்க" என்று சொல்லி மாட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடம். மாட்டிக்கொள்ளவில்லை. அரசு ஆபீஸ்களைக் கேலி செய்யும் மறிமாயம் என்ற மலையாளச் சிரிப்புத் தொடரில் யாரோ ஒரு கிழவரை இதே வார்த்தையைச் சொல்லி அலையவிட்டதை ஏற்கெனவே பார்த்திருந்தார். கரம் அடைத்த ரசீது (வரி கட்டிய ரசீது), கைவசாவகாச சர்ட்டிபிகேட் (நிலம் நம் கைவசம் என்பதற்கான சான்று) என்று கேட்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது. எல்லாம் மஞ்சப் பையில் தயாராக இருந்தது.

பாலக்காடு ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இது அதிசயமில்லை. வீட்டில் தமிழ், கடையில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ் மீடியம் உண்டு. சந்தை, சினிமா, கல்யாணத்துக்கு ஜவுளி என்றால் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சி. ஆனால் ரேஷன் கார்டு முதல் கரண்ட் பில் வரை மலையாளம். மலையாளம் படிக்கத் தெரியாத, கேட்டால் மட்டும் புரிகிற ஒரு தலைமுறைக்கு அரசாங்க மலையாளத்தைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களில் அந்தச் சிரிப்புத் தொடரும் ஒன்று.

2022 ஜூனில் அதில் சுமேஷாக வந்த வி.பி. காலித் இறந்துபோனார். வைக்கம் பக்கம் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்குப் போன இடத்தில். ஃபோர்ட் கொச்சிக்காரர். நாடக மேடைக் காலத்தில் 'கொச்சின் நாகேஷ்' என்றே பேர் எடுத்தவர். நம்ம நாகேஷின் பெயர் அங்கே ஒருவருக்குப் பட்டமாக ஒட்டியிருந்தது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "ஏங்கண்ணு, அந்தச் சுமேசுக்குப் பதிலா யாரப் போடுவாங்க?"

தமிழ் சீரியல் பார்த்து வளர்ந்த யாரும் அதைத்தான் கேட்பார்கள். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி திரையில் ஓடும். மறுநாள் அதே தாலியோடு வேறு ஒருவர் சமையலறையில் நிற்பார். முதல் வாரம் உறுத்தும், மூன்றாம் வாரம் பழகிவிடும். அழுகைத் தொடர்களில் இது செல்லுபடியாகிறது, ஏனென்றால் அங்கே நம்மை இழுத்துப் போவது கதை. சிரிப்புத் தொடரில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு ஆள் எப்படித் திரும்பிப் பார்ப்பான், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான் என்பதுதான் சரக்கு. அதற்குப் பதில் ஆள் வைக்க முடியாது. ஆனாலும் பத்து வருஷம் பதினைந்து வருஷம் ஓடுகிற தொடர்கள் இருக்கின்றனவே, அவை எப்படிச் சமாளிக்கின்றன?

மறிமாயம் சமாளித்த விதம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. 2011ல் மழவில் மனோரமா சானல் வந்த காலத்திலிருந்து ஓடுகிற தொடர். பெயர்கள் நிரந்தரம்: சத்யசீலன், மொய்து, சீதளன், மன்மதன், மண்டோதரி. வேலை மட்டும் நிரந்தரமில்லை. இந்த வாரம் சத்யசீலன் வில்லேஜ் ஆபீசர், அடுத்த வாரம் மின்வாரிய எஞ்சினியர், அதற்கடுத்த வாரம் மனுவோடு வரிசையில் நிற்கிற ஏழை. முன்வாரக் கதை இந்த வாரத்துக்கு வருவதில்லை. ஒருவர் வரவில்லை என்றால் அந்த வாரம் அந்த ஆபீசில் அவர் இல்லை, அவ்வளவுதான். அரசு ஆபீசில் ஆள் மாறுவது யாருக்கும் செய்தியே அல்லவே. நாற்காலி இருக்கும், பைல் இருக்கும், ஆள் டிரான்ஸ்பரில் போயிருப்பார். சுமேஷுக்குப் பதில் இன்னொரு சுமேஷ் வேண்டியிருக்கவில்லை.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இது பழைய ஏற்பாடு. அறுப்பு முடிந்த பிறகு ராத்திரி முழுக்க நடக்கும் பொறாட்டு நாடகம் இங்கே உண்டு. பாணர்கள் ஆடுவது, பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். தாசி, குறவன் குறத்தி, மண்ணான் மண்ணாத்தி என்று வேஷங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சோத்யக்காரன் என்று ஒருவன் நின்று வருகிறவர்களையெல்லாம் கேள்வி கேட்பான். யார் நீ, எங்கிருந்து வருகிறாய், ஏன் சண்டை? வந்தவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போவான். போன வருஷம் குறவனாக வந்தவர் இந்த வருஷம் இல்லை என்றாலும் ஆட்டம் நிற்பதில்லை. வேஷம் என்பது ஒரு நாற்காலி மாதிரி.

அமெரிக்காவில் இதே உபாயத்தைக் கையாண்ட பெரிய உதாரணம் 'மாஷ்'. கொரியப் போர்முனையில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. 1972ல் தொடங்கி 1983 வரை 11 சீசன். உண்மையான போர் ஓடியதோ மூன்றே வருஷம்! ராணுவத்தில் எப்போதும் யாராவது வருவார்கள், போவார்கள். 1975ல் இரண்டு முக்கிய நடிகர்கள் விலகினார்கள். டிராப்பர் ஜான் என்ற டாக்டர் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டதாகக் கதை. கர்னல் ஹென்றி பிளேக்குக்கு விடுதலை கிடைத்து, ஆட்டம் பாட்டத்தோடு வழியனுப்பிவிட்டு, கடைசிக் காட்சியில் அவர் போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது என்று செய்தி வரும். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்பு முடிகிற நேரம் வரைக்கும் பெரும்பாலான நடிகர்களிடம் காட்டவே இல்லை. சிரிப்புத் தொடரில் இப்படியா என்று அன்றைக்குப் பெரிய சச்சரவு. ஆனால் அவர்களுக்குப் பதில் வந்தவர்கள் அதே பெயரில் வரவில்லை. வேறு சுபாவம், வேறு வயது, வேறு பேச்சு. நாற்காலி அதே, உட்கார்ந்தவர் வேறு. அதனால் இன்னும் எட்டு வருஷம் ஓடியது.

வீட்டை வைத்து எடுக்கிற தொடருக்கு இந்த வசதி கிடையாது. அப்பாவை டிரான்ஸ்பர் செய்ய முடியுமா?

ஃபிளவர்ஸ் டிவியில் 2015 டிசம்பரில் தொடங்கிய 'உப்பும் முளகும்' அப்படி ஒரு வீடு. (தமிழ்க் காதுக்கு உப்பும் மிளகும் என்று கேட்கும். அவர்களுக்கு முளகு என்றால் மிளகாய். அந்த வீட்டுச் சண்டைகளைப் பார்த்தால் மிளகாய்தான் சரி.) பாலுவாக பிஜு சோபானம், நீலுவாக நிஷா சாரங், கூடவே பிள்ளைகள். பிஜு, காவாலம் நாராயணப் பணிக்கரின் சோபானம் நாடகக் குழுவில் தேறியவர். எந்நேரமும் கைலியோடு திண்ணையில் கிடக்கிற ஒரு சோம்பேறி அப்பனை அவ்வளவு நுணுக்கமாகச் செய்ய அந்தப் பயிற்சி வேண்டியிருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வந்த தொடர். பிள்ளைகள் நம் கண்முன்னே வளர்ந்தார்கள், மீசை முளைத்தது, குரல் உடைந்தது. 2018ல் நீலு மறுபடி கர்ப்பமாகி ஐந்தாவது குழந்தை வந்தது. கைக்குழந்தையாக வந்த பாருக்குட்டி தொடரிலேயே நடை பழகி, பேச்சுப் பழகி, கடைசியில் வசனத்தில் பெரியவர்களையே மடக்கினாள்.

அந்த வீட்டுக்கு வந்த சோதனை மூத்த மகள் லெச்சு. ஆயிரமாவது எபிசோடை ஒட்டி அவளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பிறகு நடிகை ஜூஹி ருஸ்தகி தொடரிலிருந்து விலகினார். எழுதுகிறவன் பக்கம் நின்று பார்த்தால் மகளை வெளியே அனுப்பக் கல்யாணத்தை விடச் சுலபமான வழி கிடையாது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. ஆனால் பார்த்தவர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவிலேயே, "கட்டிக்குடுத்த பொண்ணு ஓணத்துக்குக்கூட வரமாட்டாளா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கதையில் லெச்சு பக்கத்து ஊரில்தான் இருக்க முடியும். நிஜத்தில் நடிகை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையை எழுத்தாளர் ஒவ்வொரு வாரமும் ஒரு போன் பேச்சை வைத்து அடைக்க வேண்டும். அதன் பிறகு தொடர் முன்போல் எடுபடவில்லை. கொஞ்ச நாளில் நின்றே போய், 2022ல் இரண்டாவது சீசனாக மறுபடி வந்தபோது லெச்சுவும் திரும்பி வந்தாள். அவளில்லாமல் அந்த வீட்டுக் கதவைத் திறக்க முடியாது என்பதைச் சானலும் ஒருவழியாக ஒப்புக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியில் 2008 ஜூலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' இரண்டு வழியையும் ஒரே தொடரில் செய்து பார்த்தது. மகன் டப்புவுக்கு மூன்று நடிகர்கள் மாறியாகிவிட்டது. அம்மா தயாபென்னாக வந்த திஷா வகானி 2017ல் பிரசவ விடுப்பில் போனவர். பல வருஷங்களாக அந்த இடம் காலி. தயா பிறந்த வீட்டில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பையன் மாறினால் வளர்ந்துவிட்டான் என்று மனசு சமாதானம் செய்துகொள்ளும். தயாவின் அந்தச் சிரிப்பொலியும் கர்பா ஆட்டமும் ஒரே ஒரு உடம்பில் இருந்தன. வேறு உடம்பில் போட்டால் அது மிமிக்ரி ஆகிவிடும். காலி நாற்காலி எவ்வளவோ மேல்.

மழவில்லின் 'தட்டீம் முட்டீம்' விஷயத்தில் எனக்கு வேறு அபிப்பிராயமே கிடையாது. மாமியார் மாயாவதியாக கேபிஏசி லலிதா, மருமகள் மோகனவல்லியாக மஞ்சு பிள்ளை. 2022 பிப்ரவரியில் லலிதா காலமானார். இரண்டு தேசிய விருது வாங்கிய நடிகை, ஒரு டிவி மாமியாருக்காக அப்படி உயிரைக் கொடுத்தார். அந்த வீட்டில் இன்னொரு மாமியாரை நினைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் முகம் மாறுவது. பேனா மாறுவது யார் கண்ணிலும் படுவதில்லை.

மறிமாயத்தில் ஆரம்பத்தில் வத்சலாவாக வந்தவர் ரசனா நாராயணன்குட்டி. 2013ல் ஜெயராமுக்கு ஜோடியாகக் கதாநாயகி ஆனார், சினிமாவுக்குப் போனார். மலையாளத்தில் டைட்டில் கார்டில் எழுத்தாளர் பெயருக்கு மேலே 'ரசன' என்று போடுவார்கள். ரசனா போனது ஊருக்கே தெரிந்தது. ரசன போனதை யாரும் கவனிக்கவில்லை! முதலில் மறிமாயத்தை இயக்கிய ஆர். உண்ணிகிருஷ்ணன்தான் பின்னால் உப்பும் முளகும் வீட்டைக் கட்டியவர். மறிமாயம் மிதுன் சேட்டூர் கைக்குப் போனது. ஒரே கை ஆபீசை விட்டு வீட்டுக்குக் குடிபோனது என்று சொல்லலாம். என் காதுக்குப் பழைய மறிமாயத்தில் மௌனம் அதிகம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனா மூடியைத் தேடுவார், இந்தப் பக்கம் ஒருவர் நிற்பார், அரை நிமிஷம் ஒன்றும் நடக்காது. அந்த அரை நிமிஷத்தில் நம்முடைய எல்லா ஆபீஸ் அனுபவமும் வந்து போகும். பிந்தைய எபிசோடுகளில் பேச்சு கூடிவிட்டது. கடைசியில் யாராவது ஒருவர் சட்டத்தை எடுத்துச் சொல்லிப் புரியவைக்கிறார். அத்தைக்கு அதுதான் பிடித்திருக்கிறது, உபயோகமாக இருக்கிறது என்கிறார். எனக்கு அந்தப் பேனா மூடி போதும்.

பேனா மாறினால் என்ன ஆகும் என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அமெரிக்காவில் இரண்டு தொடர்கள் வாய்த்தன. ஒன்று 1989ல் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்'. கார்ட்டூன். அதில் வரும் பையன் பார்ட்டுக்கு எத்தனை வருஷமானாலும் வயது பத்துதான், யாருக்கும் நரைக்காது. ஆனாலும் ரசிகர்கள் அந்தத் தொடரைக் காலம் காலமாகப் பிரித்துப் பேசுகிறார்கள், எழுத்தாளர் அறையின் தலைவர் யார் என்பதை வைத்து. ஓக்லி, வைன்ஸ்டைன் காலம் வேறு, 1997ல் ஒன்பதாவது சீசனிலிருந்து மைக் ஸ்கல்லி காலம் வேறு. முகம் துளியும் மாறாத இடத்தில் மாறியது எது என்று தேடினால் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். இன்னொன்று 'கம்யூனிட்டி'. 2012ல் அதை உருவாக்கிய டான் ஹார்மனையே வெளியே அனுப்பிவிட்டு நான்காவது சீசனை எடுத்தார்கள். நடிகர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள். பார்த்தவர்களுக்கு அதே வீட்டில் வேறு யாரோ சமைத்த மாதிரி இருந்தது. ஐந்தாவது சீசனுக்கு ஹார்மன் திரும்பி வந்ததும், நான்காவது சீசன் நடந்த வருஷத்தை, கதை நடக்கும் கல்லூரியில் கேஸ் கசிந்த வருஷம் என்று கதைக்குள்ளேயே கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

அங்கே இப்படிப் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஒரு அறையில் எழுத்தாளர்கள் பலர் உட்கார்ந்து எழுதுகிறார்கள், நடிகர்கள் எழுதியதைப் பேசுகிறார்கள். மாஷ் 11 வருஷத்தில் 250 சொச்சம் எபிசோடுதான் எடுத்தது. உப்பும் முளகும் நாலு வருஷத்தில் ஆயிரத்தைத் தொட்டது. இந்த ஒரு கணக்கே போதும். வாரத்துக்கு ஐந்து எபிசோடுக்கு வரிக்கு வரி எழுதிக் கொடுக்க எந்த மனுஷனாலும் முடியாது. அதனால் இந்த மாதிரித் தொடர்களில் காட்சியின் போக்கைச் சொல்லிவிட்டு, பேச்சில் பெரும்பகுதியை நடிகர்கள் வாய்க்கு விட்டுவிடுவது வழக்கம். அப்பன் கடன் வாங்கியிருக்கிறான், மகனுக்குத் தெரிந்துவிட்டது, அம்மா வருகிறாள், பேசு. சோத்யக்காரன் கேட்கிறான், குறவன் பதில் சொல்கிறான்.

அப்படியானால் நடிகர் என்பவர் பாதி எழுத்தாளர். அவர் போகும்போது ஒரு முகம் மட்டும் போவதில்லை, எழுத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியும் சேர்ந்து போகிறது. இங்கே நடிகர் மாற்றம், எழுத்தாளர் மாற்றம் என்று இரண்டு கணக்கு எழுதுவது வீண் வேலை. மறிமாயத்தின் மணிகண்டன் பட்டாம்பியும் சலீம் ஹசனும் சேர்ந்து அதே கூட்டத்தை வைத்து 2024ல் 'பஞ்சாயத்து ஜெட்டி' என்று ஒரு முழுப் படத்தை இயக்கினார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக வாயால் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கையால் எழுத ஆரம்பித்தார்கள் என்பதைத் தவிர அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதில் எல்லைக்காரன் காதுக்கு மட்டும் பளிச்சென்று கேட்கிற ஒன்று உண்டு. மலையாளத்தை நாங்கள் ஒரே இடத்திலிருந்து படிக்கவில்லை. பாலக்காட்டு மலையாளம் வேறு, டிவி செய்தி மலையாளம் வேறு. மறிமாயத்து நடிகர்களின் பெயரிலேயே ஊர் தொங்குகிறது. பட்டாம்பி மணிகண்டன் பேசினால் எங்கள் ஜில்லா. வினோத் கோவூர் மொய்துவாக வந்தால் கோழிக்கோட்டு மாப்பிள முஸ்லிம்களின் பேச்சு. காலித் வாயைத் திறந்தால் கொச்சிக் கடற்கரை. எழுத்தாளர் 'இவன் கோபப்படுகிறான்' என்று எழுதலாம். கோழிக்கோட்டுக்காரன் எப்படிக் கோபப்படுவான் என்பதைக் கோழிக்கோட்டுக்காரன்தான் எழுத முடியும். அவர் விலகினால் தொடரிலிருந்து ஒரு ஜில்லாவே கழன்றுவிடும். புதிதாக வருகிறவர் தன் ஜில்லாவைக் கொண்டுவருவார், அதுவும் நல்லதுதான், ஆனால் பழையது திரும்புவதில்லை. அத்தைக்கு மொய்து பேசுவது இன்றைக்கும் பாதிதான் புரியும். அந்தப் பாதிக்கே அதிகம் சிரிப்பார்.

மனஸ்தாபம், சம்பளப் பிரச்சினை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் இங்கேயும் உண்டு. யூடியூபில் அதற்கென்றே சானல்கள் இருக்கின்றன. சில புகார்கள் கடுமையானவை, செய்தியாகி ஊரே பேசியவை. அவற்றை ஓரிரு வரியில் தொட்டுவிட்டுப் போவது முறையல்ல என்பதால் விட்டுவிடுகிறேன். நல்லதும் நடந்திருக்கிறது: மறிமாயத்து மண்டோதரியும் லோலிதனும், அதாவது சினேகாவும் எஸ்.பி. ஸ்ரீகுமாரும், 2019 டிசம்பரில் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். அத்தை அதை முன்கூட்டியே சொன்னதாக இன்றுவரை சாதிக்கிறார்.

இப்போது அத்தை டிவியில் பார்ப்பதே இல்லை. மகன் வாங்கிக்கொடுத்த போனில் யூடியூப். அதற்கு வருஷமும் கிடையாது, வரிசையும் கிடையாது. வத்சலா வருவார், அடுத்து மண்டோதரி வருவார், மறுபடி வத்சலா. முடி கறுத்த சத்யசீலன், நரைத்த சத்யசீலன், திரும்பவும் கறுத்தவர். யார் விலகினார், யார் வந்தார், எப்போது எழுத்து மாறியது என்று நான் மேலே சொன்ன வரலாறு முழுவதையும் அந்த போன் ஒரு ராத்திரியில் கலைத்துப் போட்டுவிடுகிறது.

போன வாரம் இரவு கரண்ட் போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். திரையில் சுமேஷ், ஏதோ ஒரு ஆபீஸ் வராந்தாவில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"இது அவரு இருக்கீல எடுத்ததா, போனப்புறம் எடுத்ததா கண்ணு?"

கேள்வி தப்பு என்பது கேட்டபோதே அவருக்கும் தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் போனை வாங்கி, கீழே சின்ன எழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முந்தையது. சொன்னேன். சுமேஷ் அதற்குள் கவுண்டருக்குப் போய்விட்டார், உள்ளே ஆள் இல்லை. கொஞ்சம் பின்னால் தள்ளிவிடச் சொன்னார் அத்தை. குடையை மடக்குகிற இடத்திலிருந்து மறுபடி பார்த்தோம்.